ஏ.பி. முனியாண்டி என்று யாரும் இல்லை

என் பெயர் அருணாசலம் அல்ல. அருணாசலம் என் அப்பா. அவர் பாளையங்கோட்டையைத் தாண்டிப் போனதே அபூர்வம். ஆனால் நான் கடவுச்சீட்டு எடுத்த நாளிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த முறை விமானத்தில் சைவச் சாப்பாடு கேட்டிருந்தேன். பணிப்பெண் தட்டோடு வந்து, "மிஸ்டர் அருணாசலம்?" என்று எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அருணாசலமும் அல்ல, சைவமும் அல்ல. ஆனால் சாப்பிட்டுவிட்டார். நான் வாழைப்பழத்தோடு கடல் தாண்டினேன்.

ஜொகூரில் இறங்கியதும் இந்தத் தொல்லை நின்றது. குடிநுழைவு அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சீட்டைப் புரட்டிவிட்டு, "புவான் வடிவு", அதாவது வடிவு அம்மா, என்று என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மலாய்க்காரர்களுக்கும் நம்மைப் போலத்தான். தன் பெயர், பிறகு அப்பா பெயர். அப்பா பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவதில்லை. சந்தோஷத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் என் பையை இன்னொரு முறை சோதிக்கச் சொன்னார்.

பையில் சல்லடையும் குப்பிகளும் சாமணமும் இருந்தன. நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி வண்டுகளில் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில் ரோவ் பீட்டில் என்பார்கள். தமிழில் பெயர் இல்லாததால் வகுப்பில் குட்டைச்சிறகு வண்டு என்று சொல்லிவருகிறேன். வண்டு என்றதும் உருண்டையாக, கனத்த ஓடு போட்ட ஒன்றை நினைக்காதீர்கள். இது ஒல்லி. மேல்சிறகு அரைக்கைச் சட்டை மாதிரி முதுகில் பாதியோடு நின்றுவிடும், மீதி வயிறு வெளியே தெரியும். சீண்டினால் அந்த வயிற்றைத் தேள் போலத் தூக்கிக் காட்டி மிரட்டும். ஆள் அரிசி அளவுதான்.

இந்தக் குடும்பத்தில் ஒரு போக்கிரி உண்டு. கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். கடிக்காது, கொட்டாது. ஆனால் மேலே ஊரும்போது அடித்து நசுக்கிவிட்டால் அதன் சாறு பட்ட இடம் வெந்து கொப்பளிக்கும். மலேசியாவில் அதற்குச் சார்லி என்று பெயர். ஏன் சார்லி என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அடுக்குமாடி வீடுகளில் விளக்கைத் தேடி வந்துவிடும். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சின்னக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கிற லெச்சுமியிடம் கழுத்து வெந்தவர்களும் இமை வீங்கியவர்களும் வருவார்கள். சிலர் குற்றவாளியையும் டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் குப்பையில் போட்டதை லெச்சுமி சேர்த்துவைத்தார். ஆர்வம் முற்றிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் லாயாங் லாயாங்கில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பின்பக்கத்துக் குப்பைமேட்டைக் கிளற ஆரம்பித்தார். அங்கே செம்படாக் மரம் இருக்கிறது. செம்படாக் என்பது பலாவுக்குத் தம்பி மாதிரி ஒரு பழம். அதன் அழுகிய தோலுக்கு அடியில், சார்லி அல்லாத, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வண்டு கிடைத்தது. வெல்ல நிறம், வால் நுனி மட்டும் மஞ்சள்.

வண்டுப் பைத்தியங்கள் கூடுகிற இணையக் குழு ஒன்றில் அவர் படம் போட, நான் பார்க்க, அப்படித்தான் பழக்கம். ஜொகூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று அந்த வண்டை வாங்கிப் பத்திரப்படுத்தியது. நான் விவரணையும் படங்களும் செய்தேன். எங்கள் துறைத் தலைவர் தன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பினார். பரிசீலித்தவர்கள், "ஒரே ஒரு ஆணை வைத்துப் புது இனம் என்றால் எப்படி? இன்னும் சில வேண்டும், பெண்ணும் வேண்டும்" என்று திருப்பிவிட்டார்கள். நியாயம்தான். மாதிரிகளை நினைத்தபடி நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஆகவே நானே வந்தேன்.

விடுதியில் நான் பூச்சி ஆராய்ச்சி செய்பவள் என்று தெரிந்ததும் மேலாளர் பையன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஸ்டோர் ரூம்ல கரப்பான் தொல்லை தாங்கல மேடம். நீங்க என்ன மருந்து அடிப்பீங்க?" என்றான். நான் கொல்ல வரவில்லை, பெயர் வைக்க வந்திருக்கிறேன் என்றேன். கரப்பானுக்கா என்று கேட்டான்.

மறுநாள் காலையில் லெச்சுமி வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, வாயும் கையும் ஒரு நிமிடம் ஓயாது. "பசியாறியாச்சா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுதல் என்கிறார்கள். நம் ஊரில் டிஃபன் என்று சொல்லிச் சொல்லி நல்ல சொல்லைத் தொலைத்துவிட்டோம். மூலைக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் உறவுதான், ஆனால் அதைவிட ஒல்லியாக, மொறுமொறுவென்று இருந்தது. இரண்டாவது ரொட்டி வரும்போது லெச்சுமி போனை என் முன்னால் வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இது யாரு, மிஸ்டர் ஏ.பி. முனியாண்டி?"

துறைத் தலைவர் அவருக்கு அனுப்பியிருந்த திருத்திய பிரதி. இடம், நாள் எல்லாம் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நன்றியுரையில், 'வண்டைக் கண்டெடுத்த திரு. ஏ.பி. முனியாண்டி' என்று இருந்தது. மேலே, புது இனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நான் வைத்த பெயர் இல்லை. முனியாண்டி என்ற பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டிவைத்திருந்தார்கள்.

ரொட்டியைத் தள்ளி வைத்தேன். நடந்தது இதுதான். மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில், அங்கே ஐசி என்பதில், அப்பா பெயர் பின்னால் வரும். நடுவில் மகன் என்றால் ஒரு குறியீடு, மகள் என்றால் இன்னொன்று. மகளுக்கு ஏ, ஒரு சாய்கோடு, பி. 'அனாக் பெரெம்புவான்', பெண்பிள்ளை என்று மலாயில் அர்த்தம். லெச்சுமி, முனியாண்டியின் மகள். அவ்வளவுதான். எங்கள் துறைத் தலைவர் அந்த ஏ-யையும் பி-யையும் இனிஷியல் என்று நினைத்துவிட்டார்! லெச்சுமி என்பது ஏதோ ஊர்ப் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டார். மீதி இருந்தவர் முனியாண்டி. முனியாண்டி என்றால் ஆண். வேலை முடிந்தது. ஒரு ஜெர்மன்காரர் இப்படிச் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தைப் பார்த்தால் அது இனிஷியல் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட நம்மவரால்தான் முடியும்.

உயிரினத்துக்கு ஒருவரின் பெயரை வைப்பதில் ஒரு சின்ன முறை உண்டு. ஆண் பெயர் என்றால் கடைசியில் ஆங்கில ஐ எழுத்து ஒன்றைச் சேர்ப்பார்கள். பெண் என்றால் ஏ, இ என்று இரண்டு எழுத்து. கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அழகல்ல என்பதால், ஆரம்பத்திலேயே லெச்சுமியிடம் கேட்டிருந்தேன், ஆசிரியர் வரிசையில் சேர்கிறீர்களா, வண்டுக்கு உங்கள் பெயர் வைக்கட்டுமா என்று. "கட்டுரை வேணாம் மேடம், நீங்களே எழுதிக்குங்க. எனக்குப் பேரு வேணும்" என்று பட்டென்று சொன்னவர் அவர். இப்போது அந்தப் பெயரைத்தான் பறித்திருந்தார்கள். அச்சேறிவிட்டால் திரும்பக் கிடைக்காது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், ஆளை மாற்ற விதி இடம் தராது.

அங்கிருந்தே துறைத் தலைவருக்குப் போன் போட்டேன். பொறுமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்படியா? சரி, அப்பா பேருதானேம்மா. பொண்ணு பேரை வைக்கிறதவிட அப்பா பேரை வச்சா குடும்பத்துக்கே கௌரவம். விஞ்ஞானத்துல சர்நேம்தான் போடணும். நீ அளவு எடுத்து அனுப்பு, நான் முடிச்சு அனுப்பிடுறேன்."

"சார், அவங்களுக்கு சர்நேமே கிடையாது. நமக்கும்தான் கிடையாது."

"ஊருக்கு வா, பேசிக்கலாம்," என்றார். நான் ஊருக்கு வருவதற்குள் கட்டுரை அச்சுக்குப் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வைத்துவிட்டார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, ரொட்டி சரியில்லையா என்று கேட்டார்.

லெச்சுமி சத்தம் போடவில்லை. தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எனக்கு என்ன வெறுப்புன்னா மேடம், இங்க ஐசியில, பேங்குல, எங்க போனாலும் என்னை லெச்சுமின்னுதான் கூப்புடுவாங்க. ஒரு சீனன்கூட முனியாண்டின்னு கூப்புட்டதில்ல. தமிழ்நாட்டுலேருந்து நம்ம ஆளுதான் எம்பேர அழிச்சிட்டாரு," என்றார். 

இன்னொரு சிக்கலும் இருந்தது. போன வாரம் இந்தப் பிரதி வந்தபோது அவர் அப்பா வீட்டில் இருந்திருக்கிறார். "பாருங்கப்பா, ஒங்க பேரைப் போட்டிருக்கானுங்க" என்று சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார். அப்பா சிரிக்கவில்லை. உடனே சட்டை மாட்டிக்கொண்டு கோப்பிக்கடைக்குப் போய் எல்லாருக்கும் தண்ணி, அதாவது தேநீரும் கோப்பியும், வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

அடுத்த நாள் லெச்சுமியின் காரில் லாயாங் லாயாங் போனோம். வழியெல்லாம் செம்பனை. நம் ஊர்ப் பனை தனித்தனியாக நின்று ஊரைப் பார்க்கும். இது வரிசை போட்டு நிற்கிறது, கண் அலுத்துவிடுகிறது. பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஒரு குலையை உதிர்த்துவிட்டுப் போயிற்று. லெச்சுமி வண்டியை வெட்டி ஒடித்தும் சக்கரம் ஏறிவிட்டது. குலைக்குள் முள் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். டயரில் காற்றுப் போய்விட்டது. நடுரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். எதுவும் கேட்காமல் உட்கார்ந்து டயரை மாற்றினார். கடைசியில்தான், எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். வண்டு பிடிக்க என்று லெச்சுமி சொன்னார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வண்டுக்காக இந்தியாவிலிருந்தா? முன்னாடியே சொல்லியிருந்தால் என் வீட்டில் இருப்பதை நானே அனுப்பியிருப்பேனே" என்றாராம். எண்ணெய் படிந்த கையைத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்காமல் புல்லில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

லாயாங் லாயாங் சின்ன ஊர். ரயில் நிலையம், ஒரு வரிசை கடை, அதற்குப் பிறகு வீடுகள். முனியாண்டி ஐயா வாசலுக்கே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய, விறைப்பான மனிதர். முதலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனை லாரி ஓட்டியவர். இஸ்திரி போட்ட சட்டையில் பேனா குத்தியிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா, வாங்க. ஊரு விட்டு ஊரு வர்றீங்க, வீடு குப்பையும் கூளமுமா இருந்தா நல்லாவா இருக்கும்? நேத்துதான் பின்னால எல்லாத்தையும் நெருப்பு வெச்சு சுத்தம் பண்ணேன். வந்து பாருங்க!"

பின்பக்கம் பெருக்கிக் கோலம் போடலாம் போல இருந்தது. செம்படாக் மரத்தடியில், குப்பைமேடு இருந்த இடத்தில், சாம்பல் வட்டம் ஒன்று கிடந்தது.

"அலாமாக்!" என்று லெச்சுமி தலையில் கை வைத்தார். "அப்பா, அந்தக் குப்பையத்தான் பாக்க வந்திருக்காங்க!"

"குப்பையையா? பூச்சின்னு சொன்ன?"

"பூச்சி குப்பையிலதான்பா இருக்கு! கைய வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"அதான் மருந்தும் அடிச்சேனே," என்றார் ஐயா, இன்னும் பாராட்டை எதிர்பார்த்தபடி.

எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து அழலாமா, அந்த மனிதரை உலுக்கலாமா என்று தெரியவில்லை. உலகத்தில் இதுவரை அந்த வண்டு தெரியவந்த ஒரே இடம் அது. அதை எரித்தவருக்குத்தான் வண்டின் பெயரை எங்கள் துறைத் தலைவர் தாரைவார்த்திருந்தார். லெச்சுமி சின்ன வயதிலிருந்து தீப்பெட்டியில் பிடித்துவைத்த பூச்சிகளை எல்லாம் இவர் எடுத்து எறிந்ததையும், "பொம்பளப் புள்ளைக்குப் பூச்சி எதுக்கு" என்று கேட்டதையும், அந்தக் குப்பைமேட்டைக் காப்பாற்ற ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு சண்டை போட்டதையும் காரில் வரும்போதுதான் கேட்டிருந்தேன். கோபம் தலைக்கு ஏறியது. விருந்தாளி என்பதால் சல்லடையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

லெச்சுமிதான் சுதாரித்தார். "ஈரத் தோலெல்லாம் எரிஞ்சிருக்காதே. அத என்ன பண்ணீங்க?"

ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். எரியாததை எல்லாம் வாரி, வேலிக்கு மேலாக வாய்க்கால் கரையில் கொட்டியிருக்கிறார். மருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் வேலியைத் தாண்டினோம். நான் தாண்டியபோது புடவை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. வெள்ளைத் துணி விரித்து, அழுகல் தோலைச் சல்லடையில் போட்டு உலுக்கினோம். அந்த நாற்றத்தை எழுத மாட்டேன். எறும்பு, மரவட்டை, குட்டிச் சிலந்தி, மறுபடி எறும்பு. பிறகு துணி மேல் வெல்ல நிறத்தில் ஒன்று ஓடி, நின்று, மஞ்சள் வாலைத் தூக்கியது. லெச்சுமி என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் கண்ணாடி கழன்று விழுந்தது. வெயில் ஏறுவதற்குள் போதுமான அளவு கிடைத்துவிட்டது. மற்றவற்றை விட்டுவிட்டு, தோலைத் திரும்ப மூடிவைத்தோம். அந்த வேலிக்குப் பிறகு லெச்சுமி என்னை மேடம் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்.

மதியம் ஐயாவே சமைத்திருந்தார். சோறு, ரசம், கங்கோங் கீரை வதக்கல். கீரையில் ஏதோ வாசனை. கேட்டேன். "சைவம்தான் டாக்டரம்மா. கொஞ்சம் பிளாச்சான் போட்டிருக்கு," என்றார். பிளாச்சான் என்றால் இறால் அரைத்துக் காயவைத்தது. "இறாலு வாசத்துக்குத்தானே," என்றார். ரசமும் சோறும் சாப்பிட்டேன். ரசம் நன்றாகவே இருந்தது, அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

லெச்சுமி தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார். "அப்பா, அந்தப் பேரு தப்பாப் போட்டுட்டாங்க. மாத்தச் சொல்லியிருக்கோம்."

"ஏன்லா? எம்பேருக்கு என்ன கொறச்சல்?"

"ஒங்க பேருக்குக் கொறச்சல் இல்ல. பூச்சிய நான் கண்டுபுடிச்சேன்."

"யாரு வீட்டுல கண்டுபுடிச்ச? எம்மரம், எங்குப்பை. நீ எம்மகதானே? ஒம்பேரும் எம்பேரும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா எம்பேர வெக்கலாமே."

ஐயா என்னைப் பார்த்தார். நடுவராக இருக்கச் சொல்கிற பார்வை. நான் நடுவர் இல்லை, ஒரு கட்சி. "ஐயா, அந்தக் குப்பையைக் காப்பாத்தினது அவங்க. நேத்து நெருப்பு வெச்சது நீங்க" என்று சொல்லியே விட்டேன். சொன்ன பிறகு ரசத்துக்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.  எழுந்து கை கழுவப் போன ஐயா வெகுநேரம் கழுவினார். நாங்கள் கிளம்பும்போது, கோப்பிக்கடையில் சொல்லிவிட்டேனே என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

மறுநாள் முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். நுண்ணோக்கியில் கண் வைத்தால் எனக்கு உலகம் மறந்துவிடும். ஆண், பெண் இரண்டும் சரியாக இருந்தன, சந்தேகத்துக்கு இடமே இல்லை. மத்தியானம் லெச்சுமி வந்து ஜொகூர் லக்சா கடைக்கு அழைத்துப் போனார். மீன் குழம்பை இத்தாலியரின் ஸ்பகட்டி மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இது என்ன அநியாயம் என்றேன். அவர் அதைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "இதான் எங்க ஜொகூரு," என்றார். நான் ஐஸ் போட்ட பானமும் வறுத்த செம்படாக்கும் சாப்பிட்டேன். வேலியோர நாற்றத்தை மறக்கடிக்கிற ருசி.

சாயங்காலம் துறைத் தலைவரை மறுபடி பிடித்தேன். இந்த முறை பொறுமை இல்லை. "சார், புது அளவுகள் என்கிட்ட இருக்கு. படங்கள் நான் வரைஞ்சது. பேரை மாத்தலைன்னா இரண்டும் வராது. படம் இல்லாம நீங்க என்னத்த அனுப்புவீங்க?" என்றேன். இருபது வருடமாக அந்தத் துறையில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. போனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அந்தப் பொண்ணு பேரையே போட்டுடுறேன்," என்றார்.

லெச்சுமியைக் கட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் திருத்திய பக்கம் வந்தது. திறந்தோம். லக்ஷ்மி என்று இருந்தது. எல்லாரும் எழுதுகிற ஆங்கில எழுத்துகளில், அழகாக, லக்ஷ்மி.

"இது யாரு?" என்றார் லெச்சுமி.

திரும்பப் போன் போட்டேன். "அவங்க எழுதறது தப்பும்மா," என்றார் துறைத் தலைவர், தவறு செய்யாத மனிதரின் குரலில். "எல், இ, டி, சி, எச்... இது என்ன ஸ்பெல்லிங்? எந்தக் காலத்துலயோ தோட்டத்துக் கிராணி காதுல விழுந்தபடி எழுதிட்டான். அந்தப் பிழையை நாம உலக விஞ்ஞானத்துல ஏத்தலாமா? மகாலக்ஷ்மி பேரும்மா அது."

நான் வாயைத் திறப்பதற்குள் லெச்சுமி போனை வாங்கிவிட்டார். அவர் குரல் உயரவே இல்லை, கிளினிக்கில் ஊசிக்குப் பயந்தவர்களிடம் பேசுகிற குரலாக இருக்கும்.

"சார், வணக்கம். நான் லெச்சுமி பேசுறேன். என் சூராவுலயும் அதான், ஐசிலயும் அதான், நர்ஸ் சர்டிஃபிகேட்லயும் அதான். லக்ஷ்மின்னு யாராச்சும் கூப்புட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன் சார். மகாலக்ஷ்மி ஒண்ணும் லாயாங் லாயாங்ல குப்பைய கெளறல. நான்தான் கெளறுனேன்." சூரா என்றால் அங்கே பிறப்புச் சான்றிதழ். துறைத் தலைவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, மற்றது புரிந்தது. இரண்டு முறை இருமினார். எழுத்து எழுத்தாகச் சொல்லும்மா என்றார். லெச்சுமி சொன்னார். கடைசியில் பெண்ணுக்கான இரண்டு எழுத்தை நான் சொன்னேன்.

என்னைச் சுட்டது அந்தப் 'பிழை' என்ற சொல்தான். நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னார்களோ அதைத்தான் தோட்டத்தில் கணக்கெழுதிய அந்தக் கிராணி எழுதியிருக்கிறான். எங்கள் தெருவில் இருந்த லெச்சுமிகளை நானும் லெச்சுமி என்றுதான் கூப்பிட்டேன். சமஸ்கிருத உச்சரிப்பு தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. நல்லவேளையாக விலங்குப் பெயர்களுக்கான விதிகளில் ஒன்று உண்டு. முதலில் வேண்டுமென்று எந்த எழுத்தில் அச்சாகிறதோ அதுதான் சரியான எழுத்து. பிறகு எந்தப் பண்டிதர் வந்தாலும் அழகுபடுத்துகிறேன் என்று கை வைக்க முடியாது. அன்று அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் லெச்சுமி தயங்கினார். அப்பாவிடம் பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் ஒப்பவில்லை. நேரே போனோம். ஐயா வீட்டில் இல்லை, கடைவரிசையில் பாயின் கோப்பிக்கடையில் இருந்தார். பாய் ராமநாதபுரத்துப் பூர்வீகம், ஊரில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் நடக்கும். ஐயாவைச் சுற்றி அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க! அண்ணே, ஒங்க பேருல வர்ற பூச்சிக்கு டாக்டரம்மாவே வந்துட்டாங்க. எப்ப புக்குல வருதாம்?" என்றார் பாய்.

ஐயா எங்களை உட்காரச் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். லெச்சுமி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசை மேல் வைத்தார். ஐயா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.  எனக்கென்ன, நாளைக்கு விமானம் ஏறிவிடுவேன். இந்தப் பெண் அடுத்த ஞாயிறும் இதே கடையைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

"எல்... இ... லெச்சு... லெச்சுமி." நிறுத்தினார். "அதுக்குப் பின்னால ஏ, இ-ன்னு போட்டிருக்கே. அது என்ன?"

"பொம்பளப் பேருன்னா அதச் சேத்துக்குவாங்கப்பா."

"சேத்து எப்படிப் படிக்கிறது?"

கேள்வி எனக்கு. வகுப்பில் நான் ஒரு மாதிரி படிப்பேன், வெளிநாட்டுக்காரர்கள் வேறு மாதிரி படிப்பார்கள். "உங்க வாய்க்கு எப்படி வருதோ அப்படிப் படிங்க ஐயா," என்றேன்.

அவர் மறுபடி விரலை முதலிலிருந்து நகர்த்தினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.  பாய் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஒங்க பேரு இல்லையா? அப்ப யாருதான் கண்டுபுடிச்சதாம் அந்தப் பூச்சிய?"

"நான் நெருப்பு வெச்சவன்யா," என்றார் ஐயா. பிறகு மேசையில் கை ஊன்றிப் பாதி எழுந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கண்டுபுடிச்சது லெச்சுமியே."